முதுகைப் பார்க்க ஓர் ஆள்

தூத்துக்குடி
12-8-1975

அன்பு மகன் செல்லப்பாண்டிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் இதுவரை உனக்கு எழுதியிருக்கிறேன். இன்று அந்த வரிக்குப் பேனா ஓடவில்லை. நீ நலமா என்று வழக்கத்துக்காக இல்லாமல் நிஜமாகவே கேட்கிறேன். நீயும் நிஜமாகவே பதில் எழுத வேண்டும். நேற்று கொடுத்த தந்தி கிடைத்திருக்கும், பயந்திருப்பாய். என் உயிருக்கு ஒன்றும் இல்லை. நீ அந்தச் சீனக் கடைக் கஷாயத்தைக் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான் செய்தி. ஒரு வாய்கூட வேண்டாம். உடம்பு லேசாக அரிக்கிறது, இங்கே புழுக்கம் அப்படி என்று எழுதியிருக்கிறாய். அது புழுக்கம் இல்லை, பாண்டி. முதலில் சட்டையைக் கழற்றிப் பார். வயிறு, அக்குள், தொடை இடுக்கு. சிவப்பாக வட்டம் வட்டமாகத் தடித்திருக்கிறதா, உதடு கனக்கிறதா, கண் இமை வீங்கியிருக்கிறதா. இருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. மீதியை வந்து படிக்கலாம்.

தந்தி ஆபீசில் ஞானதீபம் சார் இருந்தார், அவர் மகள் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். ஸ்டாப் மெடிசின் என்று எழுதி நீட்டினேன். டீச்சர், தந்தியில ஸ்டாப்புன்னு போட்டா முற்றுப்புள்ளின்னு அர்த்தம், ஒங்க மவன் மருந்து எங்கலேன்னு தேடிக்கிட்டுல்லா இருப்பான் என்றார். பிறகு அவரே, டோன்ட் டேக் மெடிசின் லெட்டர் ஃபாலோஸ் மதர் என்று எழுதினார். ஆறு வார்த்தை. அதற்குள் அடங்காததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். நான் உன்னிடம் சொன்ன பொய்யும் அதில் உண்டு.

உன் சிநேகிதன் இனிகோ, கப்பலில் சமையல் வேலை பார்க்கிறானே தருவைகுளத்துப் பையன், அவன் ஆனி மாதம், என் முட்டுவலிக்கு நீ அனுப்பிய அந்தப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். பன்னிரண்டு. ஒவ்வொன்றின் மேலும் சீன எழுத்து, அதன் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று உன் கையெழுத்து. மூன்று டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்றவைக்க வேண்டும், சாயங்காலம் குடிக்க வேண்டும் என்று சொன்னான். அங்கே நீ குடியிருக்கிற மாடிக்குக் கீழேதான் அந்தச் சீன மருந்துக்கடையாம். கடைக்காரருக்கு உன் பேச்சு புரியாமல், நீ அம்மா அம்மா என்று சொல்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடை நடுவில் நொண்டி நடந்து காட்டினாயாம். அவர் சிரித்துவிட்டு ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து நிறுத்துப் போட்டாராம். இனிகோ அதை நடித்தே காட்டினான். நானும் சிரித்தேன். அவன் இன்னொன்றும் சொன்னான், அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பொட்டலத்தைப் பிரித்தால் வேர்த் துண்டு, பட்டை, சுருங்கிய ஒரு சிவப்புப் பழம், அதிமதுரம் போல இனிக்கும் ஒரு குச்சி. அவற்றோடு தட்டையாக வளைந்த ஒரு நார். பொட்டலம் கட்டும்போது விழுந்தது என்று அதை எடுத்துப் போட்டேன். இரண்டாம் பொட்டலத்திலும் அதே நார் இருந்தது. சரி, அதுவும் மருந்துதான் என்று சேர்த்துக் கொதிக்க வைத்தேன். இனிகோ கப்பலுக்குத் திரும்புமுன் சந்தையில் கண்டேன், கேட்டேன். அது மண்புழு டீச்சர், காயப்போட்டு வச்சிருக்கான், நல்ல சத்து, மொகத்த அப்படி வைக்காதிய என்றான். அதற்குள் மூன்று பொட்டலம் குடித்திருந்தேன். இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் திரும்பக் குடித்தேன்.

ஏன் குடித்தேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். முட்டுவலி குறையவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்தால் நாலரை மணி. காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அப்பா போன இந்த நாலு வருஷத்தில், நீ கப்பலேறிய இரண்டு வருஷத்தில், இந்த வீட்டில் ஒரு பொருளும் நான் தொடாமல் இடம் மாறியதில்லை. அந்தக் கஷாயம் கொதிக்கும்போது மட்டும் வீட்டில் ஒரு வாசனை. எனக்குத் தெரியாத வாசனை. வேறு யாரோ உள்ளே அடுப்பெரிப்பது போல. நான் நடையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். உள்ளே ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். வற்றியதும் இறக்குவேன். குடிப்பேன். வாசனை போய்விடும். அவ்வளவுதான்.

ஆறாம் பொட்டலம் குடித்த மறுநாள் கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகக் கிளம்பியது. லேசான காய்ச்சல். பக்கத்து வீட்டுத் தங்கத்தாய், கருப்பட்டிக் கடை வீரபாகு அண்ணாச்சி வீட்டுக்காரி, சல்லடை கேட்டு வந்தவள் என் கையைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள். ஏ மைனி, ஆத்தால்லா வந்திருக்கா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை தொங்கியது. தலைமையாசிரியை பள்ளிக்கூடம் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அதன் பிறகு யாரும் உள்ளே வரவில்லை. தங்கத்தாய் இளநீர் சீவிப் படியில் வைப்பாள், கதவை ஒரு தட்டு, காலடிச் சத்தம் போய்விடும். பாசத்தில் குறையில்லை. அவள் தன் வீட்டிலும் கடுகு தாளிக்கவில்லை, பக்கத்தில் ஆத்தா இருக்கும்போது எண்ணெய் காயக் கூடாது என்று. மருந்தும் கூடாது அல்லவா, அம்மை கண்ட வீட்டில் மருந்து தின்றால் அவளை வெளியே போ என்று விரட்டுவது போல. பயிற்சிப் பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவள் நான். வேப்பிலை கட்டும்போது தடுக்கத் தோன்றவில்லை. மீதிப் பொட்டலத்தை டின்னில் போட்டு மூடினேன். ஆறு நாளில் தடிப்பு வாடியது. ஒன்பதாம் நாள் தங்கத்தாய் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துத் தலைக்கு ஊற்றினாள், செம்பைத் தூரத்திலிருந்தே சாய்த்தாள். ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மருந்தை நிறுத்தியதால் அடங்கியது என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

இது எதையும் உனக்கு எழுதவில்லை. அந்த வாரம் வந்த உன் கடிதத்தில் மருந்து கேட்கிறதா அம்மா என்று மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் கேட்டிருந்தாய். இல்லை என்று எழுத மனம் வரவில்லை. கை கண்ட மருந்து, வலி பறந்துவிட்டது, மாடிப்படி தடதடவென்று ஏறுகிறேன் என்று எழுதினேன். நம் வீட்டிலும் என் பள்ளிக்கூடத்திலும் மாடியே கிடையாது என்பது உனக்கும் தோன்றவில்லை. அதோடு விடாமல், உனக்கும் முதுகு வலி என்றாயே, நீயும் அதையே வாங்கிக் குடி என்று ஒரு வரி சேர்த்தேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. நீயும் நானும் ஒரே வாசனையில் இருப்போம் என்று.

தண்ணீர் ஊற்றியபின் பதினைந்து நாள் பத்தியம். அது முடிந்ததும் ஏழாம் பொட்டலத்தைப் பிரித்தேன். எட்டாவதையும் குடித்தேன். இந்தத் தடவை ஒரே நாளில் கிளம்பிவிட்டது. போன தடவை எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில், தேடி வந்து உட்கார்ந்த மாதிரி, அதற்கு மேலும். உதடு வீங்கிப் பேச்சு குழறியது. தங்கத்தாய் மறுபடி வேப்பிலை கொண்டுவந்தாள், ஆனால் முகம் முன்போல இல்லை. ஆத்தா ஒரே ஆளுக்கு இப்படி அடுத்தடுத்து வரமாட்டாளே மைனி, என்ன குத்தம் வச்சிய என்றாள். பத்தியத்தில் கருவாடு வறுத்தீர்களா, வாசலில் யாரையும் திட்டினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இல்லை, இல்லை என்றேன். நம்பவில்லை. இளநீர் வைத்தாள், கதவைத் தட்டவில்லை.

முதுகு அரித்தது. கை எட்டவில்லை. அங்கேயும் தடித்திருக்கிறதா, வெறும் அரிப்பா என்று தெரியவில்லை. சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் சாத்தி, திரும்பி நின்று, கைக் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடிக்குள் கண்ணாடி தெரிந்தது. கதவு தெரிந்தது. கதவுக்கு வெளியே வேப்பிலை ஆடிக் காற்றில் அடித்துக்கொள்வது தெரிந்தது. எப்படிச் சாய்த்தும் முதுகு தெரியவில்லை. ஐம்பது வயதில் இதுவரை எனக்கு முதுகைப் பார்க்கத் தேவைப்பட்டதில்லை.

தெருவில் யாரோ சொல்லி நகராட்சி சுகாதார ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். பெரியம்மை எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று இந்த வருஷம் தெருத்தெருவாகத் தேடுகிறார்கள். கையில் ஒரு அட்டை, அதில் முகமெல்லாம் முத்துப் போட்ட ஒரு குழந்தையின் கலர்ப் படம். அந்த அட்டையை என் கைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவே தள்ளி நின்று பார்த்தது. இது அம்மையே இல்லம்மா என்றார். தங்கத்தாய் அங்கிருந்தே, அவருக்கு என்ன தெரியும், கால்சட்டை போட்டா ஆத்தா சொல்லிட்டா வருவா என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் காதில் வாங்காமல், மாத்திரை, கஷாயம் எதுவும் சாப்பிட்டியளா என்று என்னிடம் கேட்டார். நான் இல்லை என்றேன். வேப்பிலைக்குக் கீழே நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்டிருக்க, அம்மை கண்ட உடம்பில் மருந்து என்று எப்படிச் சொல்வது. அது ஒரு காரணம். இனிகோ சுங்கத்தில் காட்டாமல் கொண்டுவந்தது ஒரு காரணம். இரண்டும் உண்மைக் காரணம் இல்லை. அது நீ அனுப்பியது. அதன் மேல் ஒரு பழி வர நான் விடுவதாக இல்லை. அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. தபால்காரர் படியில் வைத்துக் காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போனார். அம்மா, நீ சொன்னபடி நானும் பத்துப் பொட்டலம் வாங்கிவிட்டேன், இரண்டு குடித்தாயிற்று என்று எழுதியிருந்தாய். அடுத்த வரி, உடம்பு லேசாக அரிக்கிறது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவாய் மீன் நினைவுக்கு வந்தது. நீயும் நானும் கணவாய் தின்றால் தடித்துப் போவோம், அப்பாவுக்கு ஒன்றும் செய்யாது, ஒரே உடம்பை ரெண்டா வெட்டி வச்ச மாதிரி இருக்கியளே என்று சிரிப்பார், நினைவிருக்கிறதா. அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். குடித்தேன், வந்தது. நிறுத்தினேன், போனது. குடித்தேன், வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. எனக்கு ஒரு மாதம் ஆனது.

எழுந்து வேப்பிலையை நானே அவிழ்த்தேன். தண்ணீர் ஊற்றாமல் அவிழ்க்கக் கூடாது. தங்கத்தாய் ஓடிவந்து, மைனி, மைனி, என்ன காரியம் செய்திய, ஆத்தா கோவத்த வாங்கிக் கட்டிக்கிடாதிய என்று கத்தினாள். நிற்கவில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பொட்டலத்தோடு கிளாடிஸ் டாக்டரம்மாவிடம் போனேன். அவர்கள் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் பரப்பினார்கள். மண்புழுவை இடுக்கியால் தூக்கி, டீச்சர், எங்க ஊர்ல இத வச்சி மீன் புடிப்போம், நீங்க இதுல மாட்டிக்கிட்டியளே என்றார்கள். இதில் எது எனக்கு ஆகவில்லை என்று சொல்ல முடியாதாம், வேரோ பட்டையோ, வெளியே தெரியாமல் எதையாவது பொடியாகச் சேர்த்திருந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லையாம். ஒவ்வொரு தடவையும் முந்திய தடவையைவிடக் கடுமையாக வரும், இன்னொரு பொட்டலம் குடித்திருந்தால் தொண்டை அடைத்திருக்கலாம் என்றார்கள். இத்தனை நாளாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார்கள். என் மகன் அனுப்பியது என்றேன். அவர்கள் எழுந்து ஊசி போட்டார்கள்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். அரிப்போடு நிறுத்தினால் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் என்றார்கள். மூச்சு முட்டினாலும் வாய்க்குள் புண் வந்தாலும் தோல் உரிந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாதாம். டாக்டரிடம் போனால் என்ன குடித்தாய் என்று உள்ளபடி சொல். காட்டுவதற்கு ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிடு. என்னைப் போல இல்லை என்று சொல்லிவிடாதே. கீழே அந்தக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. நீ நொண்டிக் காட்டியதைப் பார்த்து நல்ல மனதோடு நிறுத்துக் கொடுத்தவர். அவர் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேருக்கு அது கேட்கும், நம் உடம்புக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

அன்று தந்தி ஆபீஸை மூடிவிட்டார்கள், ஞாயிறும் போயிற்று. திங்கட்கிழமை திறக்குமுன் போய் வாசலில் நின்றேன். அந்த ஒன்றரை நாள் எப்படிப் போனது என்று எழுத வேண்டாம். திரும்பி வரும்போது தங்கத்தாய் வீட்டுப் படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மண்புழுவையும் சொன்னேன். அவள் வாயில் கை வைத்தவள் எடுக்கவில்லை. பிறகு, ஒங்க மவன் அனுப்புன கஷாயத்துக்கா மைனி நான் ரெண்டு மட்டம் தாளிக்காம கெடந்தேன், ஒங்க அண்ணாச்சி பச்சக் கொழம்பத் தின்னுட்டு என்னைய ஏசுன ஏச்சு ஒங்களுக்கா கேட்டுச்சு என்றாள். சொல்லிக்கொண்டே என் பின்னால் வீட்டுக்குள் வந்துவிட்டாள். டாக்டரம்மா கொடுத்த மருந்துத் தண்ணீர்ப் புட்டியைப் பிடுங்கி, திரும்பி நில்லுங்க என்றாள். ரவிக்கையை இறக்கிப் பார்த்தாள். முதுகு பூராவும் இருக்கு மைனி, ஒங்களுக்குத் தெரியாதா என்றாள். தெரியாது என்றேன். பஞ்சை நனைத்துத் தடவினாள். கருப்பட்டி அடுக்கிக் காய்த்துப்போன கை. ஊசி போட்ட கையைத் தவிர, ஒரு மாதத்துக்கு மேலாக என்மேல் ஒரு கை பட்டதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் போனபின் பார்த்தால், தண்ணீர் குடித்த டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுக்கவில்லை.

இனிகோ சொன்னதைச் சொல்கிறேன் என்றேன். நீ கடையில் கணக்கெழுதுவதாக எனக்கு எழுதியிருக்கிறாய். அவன் பேச்சுவாக்கில், அரிசி மூட்டை எறக்குனா முதுகு என்னத்துக்கு ஆவும் டீச்சர், அங்கன நாலு பேரும் அந்த ஒரே அறையிலதான் முடங்கிக் கெடக்கானுவ என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்தான். அவனைக் கோபிக்காதே. அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். நீ மறைத்ததை நான் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று இருந்தேன். நீ நன்றாக இருக்கிறேன் என்கிறாய், நான் நன்றாக இருக்கிறேன் என்கிறேன், இரண்டு வருஷமாக நடுவில் இத்தனை கடல் தண்ணீரைத் தாண்டி நாம் அனுப்பிக்கொண்டது அதைத்தான். மூட்டை தூக்குவதில் அவமானம் இல்லை. அதை அம்மாவிடம் சொல்ல முடியாமல் இருந்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மிச்சமிருந்த பொட்டலங்களை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டேன். காகிதங்களை மட்டும் தேய்த்து வைத்திருக்கிறேன், ஒன்று முதல் பன்னிரண்டு வரை, உன் எண்கள். இனி எனக்கு மருந்து எதுவும் வேண்டாம். முட்டு வலிக்கிறது, வலிக்கட்டும். வீட்டில் இப்போது எந்த வாசனையும் இல்லை. வருகிற திங்கள் முதல் பள்ளிக்கூடம் போகிறேன். உதட்டு வீக்கம் வடிந்துவிட்டது, கைத் தழும்பு கறுத்திருக்கிறது. இவ்வளவுதான் நான். இதில் பொய் இல்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வயிற்றையும் கையையும் நீயே பார்த்துக்கொள்வாய். முதுகைப் பார்க்க முடியாது, இரண்டு கண்ணாடி வைத்தாலும் முடியாது, நான் பார்த்துவிட்டேன். அறையில் இருப்பவர்களில் ஒருவனிடம் திரும்பி நின்று சட்டையைத் தூக்கிக் காட்டு. வெட்கப்படாதே. என்ன இருக்கிறது என்று அவனையே அவன் கையால் இரண்டு வரி எழுதச் சொல். நீ எழுதினால் நலம் என்றுதான் எழுதுவாய்.

திருச்செந்தூர் முருகன் உன்னைக் கைவிடமாட்டான். நேரத்துக்குச் சாப்பிடு, கணவாய் வேண்டாம். பதில் வரும்வரை தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் இருப்பேன்.

உன் முதுகைத் தேய்த்துக் குளிப்பாட்டிய
அம்மா
அருணாசலவடிவு